வலிக்காத கால்

பிள்ளைகளே, நெடும்பயண மலையேற்றத்தில் முதல் நாள் ராத்திரி எங்கே கூடாரம் போடுவது என்று இரண்டு பேரும் போனைப் பார்த்துப் பார்த்து அடித்துக்கொள்கிறீர்களே, அதைக் கேட்கும்போதெல்லாம் எனக்குப் பழைய கோபம் ஒன்று கிளம்புகிறது. உங்கள் மேல் இல்லை. எழுதிவிடுகிறேன், படியுங்கள்.

அப்போது எனக்குப் பதினோரு வயது. மலேசியாவில் கிள்ளானிலிருந்து பத்துமலை முருகன் கோயிலுக்கு நடந்தே போவதாக வீட்டில் வேண்டுதல். வழியில் ஓர் இடத்திலும் கால் வலி என்று உட்காரமாட்டேன் என்று பள்ளியில் எல்லாரிடமும் சொல்லிவிட்டேன். அதற்காகவே முதுகுப்பையில் அரிசியைக் கட்டிப் போட்டுக்கொண்டு சாயங்காலமெல்லாம் திடலைச் சுற்றினேன்.

முதல் நாள் எங்கே தங்குவது என்பதில்தான் சண்டை. கோயில் மண்டபம் என்றார் அம்மா. வழியில் இருக்கும் சுங்கை வே ஊர் என்றார் அம்மாவின் தம்பியான மாமா. சுங்கை வேயில் அத்தை இருந்தார், அப்பாவின் தங்கை. அவர் மகள் கல்யாணத்துக்குத் தாய்மாமனான அப்பாவைத் தட்டு வைத்து நேரில் அழைக்காமல், பத்திரிகையைத் தபாலில் அனுப்பிவிட்டார்கள். அப்பா போகவில்லை. அதிலிருந்து இரண்டு வீட்டுக்கும் பேச்சு கிடையாது.

"கூப்பிடாத வீட்டு வாசல்ல போயி நிக்கணுமா?" என்றார் அம்மா.

"நாம எங்கக்கா நிக்கப் போறோம்? இவன் உக்காருவான்," என்று மாமா என்னைக் காட்டினார். "டேய், அத்தை வீட்டு கேட்டுகிட்ட வந்ததும் கால் வலிக்குதுன்னு அழு லா. சின்னப் பையன் அழுதா யாருக்கும் மானம் போவாது."

"எனக்குப் போவும்," என்றேன். சிரித்தார்கள். அப்பா மட்டும் சிரிக்கவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

வெயில் தாழ்ந்த நேரத்தில் அத்தை வீட்டுத் தெருவுக்கு வந்து சேர்ந்தோம். மாமா இருமினார். நான் நிமிர்ந்து நடந்தேன். இன்னும் பலமாக இருமினார். கேட்டைத் தாண்டி, அடுத்த வீட்டையும் தாண்டிப் போய்த் திரும்பிப் பார்த்தேன். அப்பா கேட்டுக்கு நேரே நின்றுவிட்டிருந்தார். அத்தை வெளியே வந்துவிட்டார்.

"பையனுக்குக் கால் வலி. நடக்க முடியலங்கிறான்," என்றார் அப்பா, தரையைப் பார்த்தபடி.

அத்தை என்னைப் பார்த்தார். நான் பையோடு சிப்பாய் மாதிரி நின்றுகொண்டிருந்தேன்.

"ஆமாண்ணே, பாத்தாலே தெரியுதே. பாவம், புள்ளைக்கு நிக்கக்கூட முடியல. உள்ள வாங்கண்ணே. அண்ணி, நீங்களும் வாங்க."

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. "வலிக்கல!" என்று கத்தினேன். யார் காதில் விழுந்தது? என்னை நாற்காலியில் உட்காரவைத்து, வாளி வெந்நீரில் உப்பைப் போட்டு, அத்தை கீழே உட்கார்ந்து என் காலைத் தேய்த்துவிட்டார்.

"வலிக்கல அத்தை!"

"வலிக்கும்டா. எத்தன வருசம்..." என்று பாதியில் நிறுத்தி மூக்கை உறிஞ்சினார். அப்பா சுவரைப் பார்த்துக்கொண்டு தேத்தண்ணியை ஊதிக்கொண்டே இருந்தார். குடிக்கவில்லை.

நல்ல காலைப் பிடித்துக்கொண்டு ஒரு பெரிய மனுஷி எதற்கு அழுகிறார் என்று எனக்கு விளங்கவில்லை. ஆளாளுக்குச் சேர்ந்து என்னை நொண்டியாக்கிவிட்டார்கள் என்பது மட்டும்தான் விளங்கியது.

அவர்கள் உள்ளே பேச ஆரம்பித்ததும் ஈரக்காலோடு சப்பாத்தை மாட்டினேன். பையைத் தூக்கி முதுகில் போட்டுக்கொண்டு வெளியே வந்து, அந்தத் தெருக்கோடி வரைக்கும் ஓடிப் போய்த் திரும்பினேன். பார்க்க ஒருவரும் இல்லை. மறுபடியும் ஓடினேன்.