திங்கட்கிழமையை எடுத்துக்கொண்டவர்கள்

முதலில் என் எழுத்துக்கு மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். கோழி கிளறினது போல இருக்கும். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். எந்த ன எங்கே வரும், எந்த ர எங்கே வரும் என்று இன்றைக்கும் எனக்குத் தடுமாற்றம்தான். படி எடுக்கிறவர்கள் எழுத்துப் பிழைகளைத் திருத்திக்கொள்ளுங்கள். கோபத்தைத் திருத்த வேண்டாம். அது பிழையில்லை.

நம் ஆட்கள் கையால் எழுதிச் சுற்றுக்கு விடும் பத்திரிகையின் போன இதழில், இங்கே சுவிஸில் லோசானுக்கு வெளியே இருக்கும் ஒரு ரக்பிக் கழகத்தைப் பற்றி ஒருவர் எழுதியிருந்தார். வங்கிக்காரரும் மாணவர்களும் தொடங்கி வளர்த்த கழகமாம். தமிழர் சிலரும் கொஞ்சக் காலம் போனார்களாம். ஒழுங்காகப் பயிற்சிக்கு வராமல் சோம்பலில் விட்டுவிட்டார்களாம். நம் ஆட்கள் எதையும் தொடர்ந்து செய்ய மாட்டார்கள் என்பதற்கு இதை உதாரணமாகவும் காட்டியிருந்தார்.

அங்கே போன தமிழர் மூன்று பேர். அதில் ஒருவன் நான். அதனால் எழுதுகிறேன்.

எண்பத்தைந்தில் நான் லோசானில் ஓர் உணவகத்தில் பாத்திரம் கழுவினேன். முப்பத்தொன்பது வயது. என்னோடு அதே அடுப்படியில் இரண்டு தமிழர் இருந்தார்கள். ஒருவன் அச்சுவேலியான். மற்றவன் திருகோணமலைக்காரன். இருவரும் என்னைவிடப் பத்து வயது இளையவர்கள். பெரிய சமையல்காரர் தென் பிரான்சில் இருந்து வந்தவர். ஒரு காது நசுங்கிப்போன பருத்த மனிதர். அவருடைய ஊரில் ரக்பி இரண்டு வகையாம். பதினைந்து பேர் ஆடுவது ஒன்று, பதின்மூன்று பேர் ஆடுவது மற்றது. பதின்மூன்று பேர் ஆட்டம் தோட்டத்திலும் தொழிற்சாலையிலும் வேலை செய்கிறவர்களின் ஆட்டம் என்றும், மற்றவர்கள் அதை மதிக்க மாட்டார்கள் என்றும் சொல்வார். அதைச் சொல்லும்போது கத்தியைப் பலகையில் ஓங்கிக் குத்துவார். இங்கே அதை ஆட ஒருவரும் இல்லை. ஆள் தேடித் தேடிக் கடைசியில் தன் அடுப்படியைத் திரும்பிப் பார்த்தார். நாங்கள் மூன்று பேர், போர்த்துக்கல்காரர் நாலு பேர், பரிமாறுகிற இத்தாலிக்காரர் இரண்டு பேர், மிச்சம் பக்கத்து உணவகங்களில் பிடித்த ஆட்கள். கழகம் தொடங்கியது அப்படித்தான். வங்கிக்காரர் ஒருவரும் அப்போது இல்லை.

அவர் அந்த முட்டை வடிவப் பந்தை முதன்முதல் கொண்டுவந்த நாள் நினைவிருக்கிறது.

“ஆரோ மிதிச்சுப்போட்டினம் போல கிடக்கு, அண்ணை,” என்றான் அச்சுவேலியான்.

பந்தை முன்னால் எறியக் கூடாது, பின்னால் நிற்பவனுக்குத்தான் எறிய வேண்டும் என்று சமையல்காரர் கையைக் காலை ஆட்டி விளக்கினார்.

“முன்னுக்குப் போறதுக்குப் பின்னுக்கு எறியிறதோ?” என்று அச்சுவேலியான் கேட்டான்.

“எங்கட அகதிக் கேஸ் போறதும் அப்பிடித்தானே,” என்றான் திருகோணமலைக்காரன்.

எங்கள் உணவகம் திங்கட்கிழமை பூட்டு. ஆகவே திங்கள் பின்னேரம்தான் பயிற்சி, ஆட்டம் எல்லாம். ஊராட்சி எங்களுக்குத் தந்தது ஊர் எல்லையில் கட்டடச் சாமான் குவித்து வைத்திருந்த ஒரு நிலம். முதல் மாதம் முழுவதும் நாங்கள் பந்தைத் தொடவில்லை. அடுப்படி வாளிகளில் கல் பொறுக்கினோம். மண் கொட்டினோம். புல் விதைத்தோம். போர்த்துக்கல்காரர் ஒருவரின் தம்பி கட்டட வேலை. அவர் கொண்டுவந்த சாரக் குழாய்களை நட்டுக் கோல் கம்பம் ஆக்கினோம். பத்திரிகையில் எழுதியவர் “அழகான மைதானம்” என்று எழுதியிருக்கிறார். அந்த அழகுக்கு உரித்த தோல் எங்கள் கைத் தோல்.

ஆட்டம் எனக்கு விரைவில் பிடிபட்டது. பந்தைக் கையில் கட்டிக்கொண்டு எதிராளிகளின் வரிசையை உடைத்து ஓட வேண்டும். பிடிபட்டால் எழுந்து, பந்தை நிலத்தில் வைத்துக் காலால் பின்னுக்குத் தள்ள வேண்டும். ஆறு முறை பிடிபட்டால் பந்து மற்றப் பக்கத்துக்குப் போய்விடும். சின்ன வயதில் நான் கிளித்தட்டு விளையாட்டில் கோட்டில் நின்று, ஓடி வருகிறவர்களை மறித்தவன். ஓடி வருகிறவனின் முகம் பொய் சொல்லும், இடுப்பு சொல்லாது. நான் இடுப்பைப் பார்த்துப் பிடித்தேன். சமையல்காரர் என்னை இடது கோட்டோரத்தில் நிறுத்தினார்.

நான் கூச்ச சுபாவக்காரன். நாலு பேர் கூடினால் எனக்கு நாக்கு எழும்பாது, அதுவும் பிரெஞ்சில் என்றால் சொல்லவே வேண்டாம். கிழமையில் ஆறு நாள் நான் ஒரு சோடி கை மட்டும்தான். திங்கள் பின்னேரம் எனக்கென்று ஓர் இடம் இருந்தது. கோட்டோரத்தில் ஒருவனை விழுத்தினால் பத்துப் பேர் வந்து முதுகில் தட்டுவார்கள். அதற்குக் கதை தேவையில்லை.

எங்களிடம் ஒரு பழக்கம், யார் சொல்லியும் விட முடியவில்லை. கால் ஓர் ஆளில் பட்டால் கை தானாகப் போய் அவரைத் தொட்டுக் கண்ணில் ஒற்றும். இது கால் படாமல் ஆட முடியாத விளையாட்டு. பிரான்சில் இருந்து வந்த ஓர் அணியோடு ஆடிய நாளில், அச்சுவேலியான் பந்தோடு மூன்று பேரைத் தாண்டிவிட்டான். முன்னால் ஒருவரும் இல்லை. விழுந்து கிடந்த ஒருவனின் தோளில் அவன் காலணி பட்டுவிட்டது. அவன் நின்றான். திரும்பினான். குனிந்து, கிடந்தவனின் தோளைத் தொட்டுக் கண்ணில் ஒற்றினான். அதற்குள் நாலு பேர் அவன் மேல் விழுந்தார்கள். சமையல்காரர் தொப்பியைக் கழற்றி நிலத்தில் அடித்தார். ஆட்டம் முடிந்ததும் அந்த மிதிபட்டவன் ஒரு பியர்ப் போத்தலோடு அவனைத் தேடி வந்தான். அடுத்த கிழமை போர்த்துக்கல்காரரும் ஒருவரை ஒருவர் உதைத்துவிட்டுக் கண்ணில் ஒற்றிச் சிரித்தார்கள். அது நல்ல காலம்.

அகதி மனுப் போட்டிருந்த எங்களால் எல்லை தாண்ட முடியாது. ஆகவே முதல் வருடம் எல்லா அணிகளையும் சமையல்காரர் இங்கேயே வரவழைத்தார். பிறகு கழகம் பிரான்சுக்குப் போய் ஆடியபோது நாங்கள் இங்கே நின்றோம். அதற்காக நான் ஒருவரையும் கோபிக்கவில்லை. அது சட்டம். கழகம் செய்தது சட்டமில்லை.

மூன்றாம் வருடம் ஆட்கள் சேரத் தொடங்கினார்கள். முதலில் மாணவர்கள், பிறகு அலுவலகக்காரர்கள். நல்ல பிள்ளைகள். எனக்குக் காலணி கட்டும் முறையைக்கூட ஒருவன் காட்டித் தந்தான். ஊராட்சி மின்விளக்குப் போட்டது, குளிக்கும் அறை கட்டியது. காப்புறுதி அலுவலகத்தில் பெரிய வேலையில் இருந்த ஒருவர் தலைவரானார். சமையல்காரரைக் கௌரவத் தலைவர் ஆக்கினார்கள். அப்படியென்றால் படத்துக்கு நடுவில் நிற்கலாம், முடிவெடுக்க முடியாது.

அந்த வருடப் பொதுக்கூட்டம் ஊராட்சி மண்டபத்தில் நடந்தது. முந்தின ஆட்டம் ஒன்றுக்கு நாங்கள் மீன் ரோல்ஸ் செய்து கொண்டுபோயிருந்தோம். தலைவருக்கு அது நன்றாகப் பிடித்துவிட்டது. மண்டபத்தில் அடுப்படி இருக்கிறது, கூட்டத்துக்கும் செய்வீர்களா என்று மரியாதையாகக் கேட்டார். நாங்கள் மூன்று பேரும் ஒரே குரலில் ஓம் என்றோம்.

கூட்டம் தொடங்க நாங்கள் எண்ணெய்ச் சட்டி வைத்தோம். உள்ளே போய் இருந்துவிட்டுக் கடைசியில் பொரிக்கலாம் என்று திருகோணமலைக்காரன் சொன்னான்.

“வந்த சனத்தைக் காக்க வைக்கிறதோ?” என்றான் அச்சுவேலியான். “அவையள் எழும்பேக்க சுடச்சுடக் குடுக்கோணும். ஆறின ரோல்ஸை மனுசன் தின்னுவானோ?”

அதுவே சரி என்று நானும் சொன்னேன். நம் வீட்டில் ஒரு காரியம் நடந்தால் நாம் முன் வரிசையிலா இருப்போம்? அடுப்படியில்தானே நிற்போம். இது நம் வீடு என்று நினைத்துத்தான் நாங்கள் அடுப்படியில் நின்றோம்.

நாங்கள் தட்டுகளோடு போனபோது எல்லோரும் கை தட்டினார்கள். ஒரு பெண் செய்முறை கேட்டார். தலைவர் இரண்டு எடுத்தார். பிறகு சமையல்காரர் என்னை மூலைக்கு இழுத்துக்கொண்டுபோனார். கையில் ரோல்ஸ் இருந்தது, கடிக்கவில்லை. இனிமேல் பயிற்சி சனிக்கிழமை மட்டும் என்று கை தூக்கி வாக்கெடுத்துத் தீர்மானித்துவிட்டார்களாம். பயிற்சிக்கு வராதவர் ஆட முடியாதாம். இரண்டு கை வித்தியாசத்தில் தீர்மானம் போனதாம். தானும் போர்த்துக்கல்காரரும் எதிர்த்ததாகச் சொல்லி, நீங்கள் எங்கே போனீர்கள் என்று என்னையே கேட்டார்.

சனிக்கிழமை உணவகத்தில் மூச்சு விட நேரம் இருக்காது. அது தலைவருக்கும் தெரியும், அவரே சனிக்கிழமைகளில் குடும்பத்தோடு எங்கள் உணவகத்துக்கு வந்து சாப்பிட்டவர்.

இரண்டு கை. அடுப்படியில் நாங்கள் மூன்று பேர். அடுப்படிக்கும் மண்டபத்துக்கும் நடுவில் ஒரு கதவு, அதுவும் திறந்து கிடந்தது. வாக்கெடுக்கப் போகிறோம், வாருங்கள் என்று ஒருவர் வந்து சொல்ல எவ்வளவு நேரம் பிடிக்கும்?

வீட்டுக்குப் போகும் பஸ்ஸில் இரண்டு பேரும் சண்டை பிடித்தார்கள்.

“வேணுமெண்டுதான் எங்களை அடுப்படிக்கு விட்டவங்கள்,” என்றான் திருகோணமலைக்காரன்.

“விசர்க்கதை கதையாதை. நாங்களெல்லோ ஓம் எண்டனாங்கள்.”

“கேட்டது அவன்.”

“கேட்ட உடன பல்லைக் காட்டினது நீ.”

வேண்டுமென்று செய்தார்களா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. வேண்டுமென்று செய்திருந்தால்கூட எனக்கு ஓரளவு ஆறும். எங்களுக்குப் பயந்து செய்தார்கள் என்றாவது நினைக்கலாம். எங்களை ஒருவரும் நினைக்கவே இல்லை என்பதைத்தான் என்னால் விழுங்க முடியவில்லை.

அவர்கள் பக்கத்திலும் நியாயம் இருக்கிறது. அலுவலகத்தில் வேலை செய்கிறவனால் திங்கள் பின்னேரம் வர முடியாது. சனிக்கிழமை வேண்டும் என்றால் வைத்துக்கொள்ளட்டும். திங்களை ஏன் எடுத்தார்கள்? இரண்டு நாளும் இருந்தால் யாருக்கு நோகும்? முதலாளியிடம் சனிக்கிழமை லீவு கேட்டேன். அவர் சிரித்தார். கோபப்பட்டிருந்தால்கூடப் பரவாயில்லை.

அடுத்த கோடையில் கழகம் ஒரு பெரிய போட்டி வைத்தது. தலைவர் உணவகத்தின் பின் கதவுக்கே வந்து எங்கள் மூன்று பேருக்கும் கை தந்தார். போட்டிக்கு ரோல்ஸ் வேண்டுமாம், எல்லோரும் கேட்கிறார்களாம்.

“பாவம், வாசலுக்கு வந்து கேக்கிறார். செய்து குடுப்பம், அண்ணை,” என்றான் அச்சுவேலியான்.

நான் கையைத் துடைத்தேன். என் பிரெஞ்சு அடுப்படிப் பிரெஞ்சு. அதிலேயே சொன்னேன்: “நாங்கள் கழகத்து ஆட்களா, சமையல்காரரா? ஆட்கள் என்றால் திங்கட்கிழமையைத் திருப்பித் தாருங்கள். சமையல்காரர் என்றால், எங்களுக்கு ஏற்கனவே ஒரு முதலாளி இருக்கிறார்.”

இந்த நாட்டில் நான் ஒரே மூச்சில் பேசிய ஆக நீளமான பேச்சு அதுதான். தலைவரின் முகம் சிவந்தது. நிர்வாகக் குழுவில் பேசிச் சொல்கிறேன் என்று போனார்.

“சொன்னது சரி, அண்ணை,” என்றான் அச்சுவேலியான். “மிளகாய்த்தூள்தான் கொஞ்சம் கூடிப்போச்சு.”

போட்டிக்கு அவர்கள் சொசேஜ் சுட்டார்கள். குழு பேசியதா என்று இன்றுவரை பதில் இல்லை. சமையல்காரரும் பிறகு தன் ஊருக்குத் திரும்பிப் போய்விட்டார்.

பத்திரிகையில் எழுதிய தம்பிக்கு ஒன்று சொல்கிறேன். நீங்கள் போய்ப் பார்த்தது சனிக்கிழமை. ஒரு திங்கட்கிழமை பின்னேரமும் அங்கே போங்கள். கதவு பூட்டியிருக்கும், வேலிக்கு வெளியே நின்று பாருங்கள். ஒரு கல்லும் இல்லாத புல். உள்ளே ஓர் ஆளும் இருக்காது. எங்களால் வர முடிந்த அந்த ஒரே நாளில் அது சும்மா கிடக்கிறது. அதைப் பார்த்த பிறகும் நாங்கள் சோம்பேறிகள் என்று தோன்றினால், அடுத்த இதழிலும் அப்படியே எழுதுங்கள்.

லோசான்,
1989 கார்த்திகை 12, ஞாயிற்றுக்கிழமை.