கையில் இருந்த மூன்று பாயிண்ட்

டெக்சாஸில் பிளானோ என்ற ஊரில் நாங்கள் இருந்த தொண்ணூறுகளில் எனக்கு ஒருத்தி மேல் பொறாமை. அவளுடைய நகைக்காகவோ வீட்டுக்காகவோ இல்லை. ஞாயிற்றுக்கிழமை டிவியில் அமெரிக்கன் ஃபுட்பால் பார்க்கும்போது என் கணவர் அவளிடம் அபிப்பிராயம் கேட்பார். அதற்காக.

அவள் கோயம்புத்தூர்க்காரி. இங்கேயே எம்.எஸ். படித்தவள். காலேஜ் ஸ்டேடியத்தில் குளிரில் உட்கார்ந்து இந்த ஆட்டத்தைக் கற்றுக்கொண்டாளாம். மற்ற பெண்கள் கிச்சனில் அப்பளம் பொரித்துக்கொண்டிருக்க, அவள் மட்டும் ஆண்களோடு கார்பெட்டில் சம்மணம் போட்டு உட்கார்ந்து ரெஃப்ரியைத் திட்டுவாள். என் கணவர் தட்டிலிருக்கும் முறுக்குத் துண்டுகளை நகர்த்தி, யார் எங்கே ஓடியிருக்க வேண்டும் என்று காட்டுவார். அவள் ஒரு துண்டை எடுத்து வேறு இடத்தில் வைப்பாள். "அட, ஆமாங்க!" என்பார் இவர். அந்த "அட" எனக்கு ஒருநாளும் கிடைத்ததில்லை. என்னிடம் அவர் கேட்டதெல்லாம் ரசத்தில் உப்பு போட்டாயா என்பதுதான்.

கல்யாணமாகி வந்த முதல் வருடம் நானும் கேட்டுப் பார்த்தேன்.

"அந்த ஆள் எதுக்கு மஞ்சத் துணியைத் தூக்கிப் போடறார்?"

டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல், "அதெல்லாம் உனக்கு போரடிக்கும், விடு" என்றார். விட்டுவிட்டேன். பிறகு லைப்ரரியில் குழந்தைகள் பகுதியிலிருந்து படம் போட்ட புத்தகம் ஒன்றை எடுத்து வந்து, அவர் ஆபீஸ் போன பின் படித்தேன். ஒரு டீம் தப்பு செய்தால் மஞ்சள் துணி விழும். அடுத்த டீம் அதுவரை நடந்ததைச் செல்லாது என்று விட்டு அந்தப் பெனால்டியை வாங்கிக்கொள்ளலாம், இல்லை, நடந்ததே எங்களுக்கு லாபம் என்று விட்டும்விடலாம். எல்லாம் புரிந்தது. புரிந்ததா என்று கேட்கத்தான் யாரும் இல்லை.

மாதத்தில் ஒரு ஞாயிறு, ஆட்டம் நடக்கும் அதே நேரத்தில் பஜனை வரும். அன்று ஆட்டம் டேப்பில் பதிவாகும்படி அவள் வீட்டு வி.சி.ஆரில் டைமர் வைத்துவிட்டு வருவார்கள். பஜனை முடிந்து எல்லோரும் அங்கே போய், அப்போதுதான் நடக்கிற மாதிரி பார்ப்போம். ஒரே ஒரு நிபந்தனை, அதுவரை யாரும் காரில் ரேடியோ போடக் கூடாது, ஃபோனை எடுக்கக் கூடாது. ஏகாதசிக்குக்கூட எங்கள் ஆட்கள் இவ்வளவு கட்டுப்பாடாக இருந்து நான் பார்த்ததில்லை.

அன்று பஜனை மூன்று மணிக்குக் கொஞ்சம் முன்னால் முடிந்தது. தயிர் போதாது என்றார்கள். "நீ நம்ம காரை எடுத்துட்டுப் போய் வாங்கிட்டு வந்துடு. நான் இவங்க வேன்ல போயிடறேன்" என்று சொல்லி அவளும் அவள் கணவரும் வந்த வேனில் இவர் ஏறிக்கொண்டார். கண்ணாடி வழியாக அவர் கை ஆடுவது தெரிந்தது. போன வார ஆட்டத்தைப் பேச ஆரம்பித்தாகிவிட்டது.

இந்தியன் கடை வாசலில் காரை நிறுத்தினேன். எங்கள் காரில் எப்போதும் பாட்டுக் கேசட்தான் ஓடும். அதை வெளியே எடுத்துவிட்டு ரேடியோவைத் திருப்பித் திருப்பி ஆட்டத்தைப் பிடித்தேன். கடைசி இரண்டு நிமிடம். முடியும்வரை இறங்காமல் கேட்டேன். பிறகு போய் தயிர் வாங்கினேன்.

அவள் வீட்டில் டேப் ஓட ஆரம்பித்தது. நான் கிச்சன் வாசலில் நின்றபடியே பார்த்தேன். கடைசியில் நம் டீம் இரண்டு பாயிண்ட் பின்னால். மூன்று பாயிண்டுக்காகப் பந்தை உதைத்தார்கள். போஸ்டுகளுக்கு நடுவே போனது. எல்லோரும் துள்ளிக் குதித்தார்கள். உடனே மஞ்சள் துணியும் விழுந்தது. தப்பு எதிர் டீமுடையது.

"பாயிண்ட் கைல வந்தாச்சு. பெனால்டி எதுக்கு? விட்டுடணும்" என்றார் அவள் கணவர்.

"இல்லைங்க," என்றாள் அவள். "இன்னும் ஒன்றரை நிமிஷம் இருக்கு. இப்ப மூணு பாயிண்ட்டை வாங்கிட்டா பந்து அவங்க கைக்குப் போயிரும். பெனால்டியை அக்செப்ட் பண்ணுனா பந்து நம்மகிட்டயே இருக்கும். கடிகாரத்தை நிறுத்த அவங்களுக்கு டைம்அவுட்டும் இல்லை. டைமை ஓட்டிட்டு, கடைசி செகண்ட்ல இன்னும் கிட்டக்க இருந்து கிக் பண்ணிக்கலாம்."

"அட! இவங்க சொல்றதுதான் கரெக்ட்" என்றார் என் கணவர்.

கோச் ரெஃப்ரியிடம் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். டேப் நின்றுவிட்டது. தமிழ்ப் படமே மூன்று மணி நேரத்தில் முடிந்துவிடுகிறது, இது எங்கே போகப்போகிறது என்று அவள் கணவர் சரியாக மூன்று மணி நேரத்துக்கு டைமர் வைத்திருந்தார்.

ஒரே கூச்சல். அந்தக் கூச்சலுக்கு நடுவில் என் வாய் சும்மா இருக்கவில்லை.

"மூணு பாயிண்ட்டை வச்சுக்கணும். ஆனா கோச் வச்சுக்க மாட்டார். மறுபடி கிக் பண்ணுவாங்க. போஸ்ட்ல பட்டு வெளிய போயிடும்."

அப்பளம் எடுக்கும் கரண்டியோடு நின்ற என்னை எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"எந்தப் போஸ்ட்னும் சொல்லிடேன்" என்று சிரித்தார் என் கணவர்.

"இடது பக்கம்."

அவள் கணவர் பக்கத்து வீட்டு அமெரிக்கரைக் கேட்கப் போனார். திரும்பி வந்தபோது என்னைத்தான் பார்த்தார். "தோத்துட்டோம். லெஃப்ட் போஸ்ட்ல பட்டுச்சாம்."

"அட!" என்றார் என் கணவர். என்னைப் பார்த்துத்தான் சொன்னார். "எப்படிச் சொன்னே நீ?"

அவளோ எழுந்து வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். "சூப்பர்க்கா! உங்களுக்கு இவ்வளவு தெரியும்னு சொல்லவே இல்லையே. அடுத்த வாரம் எம் பக்கத்துல உக்காரோணும்." யோசித்துப் பார்த்தால் அவள் சொன்ன கணக்குதான் சரி. பந்துதான் போஸ்டில் பட்டது. அது தெரிந்தும் எனக்கு உச்சி குளிர்ந்தது. அவள் முகம் வாடவில்லையே என்று ஒரு குறைகூட இருந்தது.

கிளம்பும்போது இவர் சாவியை வாங்கிக்கொண்டார். காரில் ஏறியதும், "எனக்கே தோணலை பார், நீ எப்படி..." என்றபடி ஸ்டார்ட் பண்ணினார். ரேடியோ அலறியது. மூன்று பாயிண்டைக் கையில் வைத்துக்கொண்டு எவனாவது திருப்பிக் கொடுப்பானா என்று ஒருவன் கத்திக்கொண்டிருந்தான். இடது போஸ்ட், இடது போஸ்ட் என்றான்.

இவர் ரேடியோவை அணைத்தார். சீட்டில் கிடந்த கேசட்டைப் பார்த்தார். காரை ஃப்ரீவேயில் ஏற்றினார். அப்புறம் கோபமில்லாமல்தான் சொன்னார்.

"இதுக்குப் போய் இப்படியா? என்கிட்ட கேட்டிருந்தா நானே சொல்லிக் குடுத்திருப்பேனே."

"கேட்டேன்" என்றேன்.