யாரைப் பார்த்துச் சொன்னது?

காலை ஆறு மணி நாற்பது நிமிடம். முதலில் கண்ணில் பட்டது ஒரு சிவப்புத் துவாயும், அதற்குள்ளிருந்து வெளியே நீண்டிருந்த ஒரு சின்னக் காலும். துவாயைச் சுமந்துகொண்டு முத்துவேல் படியேறி வந்தார்.

“மிஸ், எம் வீட்டுக்காரி சரோஜா நேத்து குவைத்துக்குப் போயிருச்சுங்க. ரெண்டு வருச எக்ரிமன்ட்டு. எனக்கு பெக்டரியில வேல. இவள இங்கதான் விடணும்.”

பெயர் தர்ஷினி. வயது எட்டு மாதம். நிறை ஏழு கிலோ நானூறு கிராம். பதிவேட்டில் எழுதிக்கொண்டேன்.

தேயிலைக் கொழுந்தெடுக்கும் தாய்மார் மலைக்குப் போகும்போது கைக்குழந்தைகளை விட்டுச் செல்லும் இடம் பிள்ளை மடுவம். இலங்கையில், றக்வானைக்கு மேலே இருந்த அந்தத் தோட்டத்தில், 1998இல், அதற்குப் பொறுப்பான சிடிஓவாக, அதாவது சிறுவர் அபிவிருத்தி அலுவலராக, நான் சேர்ந்து இரண்டு வாரம் ஆகியிருந்தது. அதற்கு முன் ஒரு பத்திரிகையில் பிழை திருத்தினேன். குவார்ட்டர்ஸில் தனியாக இருந்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு வார்த்தையும் பேசாமலே பொழுது போய்விடும்.

பழகிய தேதி

பதிவேட்டில் ‘பழகிய தேதி’ என்று ஒரு கட்டம் உண்டு. புதுப் பிள்ளை அழுகையை நிறுத்தும் நாளை அதில் எழுத வேண்டும்.

ஒன்பதரை மணிக்குப் பால் கொடுக்கும் தாய்மார் மலையிலிருந்து இறங்கி வருவார்கள். பாதையில் பேச்சுச் சத்தம் கேட்டதும் தொட்டில்களில் கிடக்கும் பிள்ளைகள் அத்தனை பேரின் முகமும் வாசல் பக்கம் திரும்பும். தர்ஷினியின் முகமும் திரும்பியது. மற்றப் பிள்ளைகள் மடிக்குப் போன பிறகும் அது வாசலையே பார்த்துக்கொண்டிருந்தது. பிறகு அழுதது. நான்கு நாள் இப்படி. ஐந்தாம் நாள் முகம் திரும்பவில்லை, அழுகையும் இல்லை. பழகிய தேதியை எழுதினேன்.

மடுவத்து ஆயா பேச்சியம்மா எட்டிப் பார்த்தார். நாற்பது வயதிருக்கும். புருஷன் இல்லை, பிள்ளையும் இல்லை.

“என்ன மிஸ் எழுதுறீங்க?”

“பழகிருச்சுன்னு.”

“பழகலைங்க. விட்டுருச்சு. பால் போத்தல வாயில வச்சா ரெண்டு இழுப்பு இழுத்துட்டுத் தலைய திருப்பிக்குது. கூப்பிட்டா செவுத்தப் பாக்குது.”

நான் எழுதியதைத் திருத்தவில்லை. மூன்று வாரம் கழித்துத் தராசில் போட்டபோது ஆறு கிலோ எண்ணூறு. தோட்டத்து டிஸ்பென்சரியில் நோய் எதுவும் இல்லை என்றார்கள். இன்னும் இறங்கினால் இரத்தினபுரி ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டும் என்றார்கள்.

காலிக் கூடை

அடுத்த நாள் ஒன்பதரைக்குப் பேச்சியம்மாவைக் காணவில்லை. தாய்மார் இறங்கி வந்தார்கள். அவர்களோடு ஆறாவது ஆளாகப் பேச்சியம்மாவும் வந்தார். தலையில் கூடைக் கயிறு. இடுப்பில், கொழுந்துக்காரிகள் உடுப்பு நனையாமல் கட்டும் படங்குச் சாக்கு. கொழுந்துப் பால் கறுத்துப் படிந்த சாக்கு அது.

“ஏன்டி பேச்சி, எந்த மலையில எடுத்துட்டு வர்ற? கூட காலியாக் கெடக்கு!” என்றாள் ஒருத்தி.

“ஏழு கிலோக்குக் கொறைவுதான். தொட்டில்ல கெடக்கு, நிறுத்துக்க.”

எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. அந்த நேரத்தில் ஆயா உள்ளே இருக்க வேண்டும் என்பது சட்டம். ஒரு பிள்ளைக்கு மட்டும் தனிக் கவனிப்புக் கூடாது என்பது இன்னொன்று. இரண்டையும் சொன்னேன்.

“படங்கு சரோஜாவோடதுங்க. முத்துவேல்கிட்ட கேட்டு வாங்கினேன். பின்கதவால போயி முன்வாசலால வர்றேன். அஞ்சு நிமிசந்தான் மிஸ். எல்லாப் புள்ளைக்கும் ஒரு ஆள் வருதுல்ல.”

ஐந்து நிமிடத்தை அனுமதித்தேன். அதுவரை நான் மடுவத்தில் நிற்பதாக ஏற்பாடு.

பேச்சியம்மா பிள்ளையை மடியில் வைத்து, அது எழுப்பும் சத்தத்தைத் திருப்பி எழுப்புவார். அது ‘உங்’ என்றால் இவரும் ‘உங்’ என்பார். பிறகு பேசாமல் காத்திருப்பார். முதலில் நெடுநேரம் காத்திருக்க வேண்டியிருந்தது. ஒன்பதாம் நாள் பாதையில் சத்தம் கேட்டதும் தர்ஷினியின் முகம் வாசலுக்குத் திரும்பியது. அன்று போத்தல் காலியானது. அடுத்த மாதம் ஏழு கிலோ அறுநூறு.

பிள்ளைக்குப் பதினொரு மாதமான போது, வாசலில் படங்கைக் கண்டதும் ‘ம்மா’ என்றது.

அன்று மாலை முத்துவேல் மனைவிக்குக் கடிதம் எழுதித் தரக் கேட்டார். “அம்மான்னு சொல்லிருச்சுன்னு போடுங்க மிஸ். சரோஜாவுக்கு ஒரு தெம்பா இருக்கும்.” எழுதினேன். என்ன சொன்னது, எந்த நாள், எத்தனை மணி, எல்லாம் எழுதினேன். யாரைப் பார்த்து என்பதை எழுதவில்லை.

வாசனை

பிள்ளை நடக்கத் தொடங்கிய பிறகும் ஒன்பதரை மணி வழக்கம் நிற்கவில்லை. அது பிள்ளைக்காகவா, பேச்சியம்மாவுக்காகவா என்று நான் கேட்கவில்லை.

ஒப்பந்தம் முடிந்து சரோஜா வந்தார். சென்ட் வாசனை, பளபளக்கும் துணி, கையில் பேசும் பொம்மை. தர்ஷினி பொம்மையை வாங்கிக்கொண்டு பேச்சியம்மாவின் சேலைக்குள் போய் நின்றது.

“அம்மாடி, நாந்தான்டி அம்மா.”

பிள்ளை நிமிர்ந்து பேச்சியம்மாவைப் பார்த்தது. சரோஜா என் பக்கம் திரும்பினார்.

“அம்மான்னு சொல்லிருச்சுன்னு எழுதினீங்களே மிஸ். அந்தக் கடதாசிய தலகாணிக்கு அடியில வச்சுத்தான் இத்தன நாளும் படுத்தேன். யாரப் பாத்துச் சொன்னுச்சு?”

பதில் என்னிடம் இருந்தது. பேச்சியம்மா உள்ளே போய்ப் படங்கை எடுத்து வந்தார்.

“இதப் பாத்துத்தான் சொன்னுச்சு. ஒன்னோடதுதான், கட்டிக்க. அந்த சென்ட்டு மட்டும் வேணாம் தாயி.”

சரோஜா மறுபடியும் வேலைக்குப் பேர் பதிந்து மலைக்குப் போனார். ஒன்பதரைக்கு அவரைக் கீழே அனுப்பும்படி கங்காணியிடம் நான் கேட்டேன். முதல் வாரம் பிள்ளை அவரைத் தாண்டிப் பாதையைப் பார்த்தது. பின்னால் வேறொருவர் வரவேண்டும் என்பது போல. சரோஜா தினமும் ஒரு மூலையில் உட்கார்ந்து, பிள்ளை ஒரு சத்தம் கொடுக்கும்வரை காத்திருந்தார். காத்திருக்கச் சொல்லிக் கொடுத்தது பேச்சியம்மா.

பதினொரு வருடம் அந்த வேலையில் இருந்தேன். ‘பழகிய தேதி’யை அதன் பிறகு அழுகை நின்ற நாளில் எழுதியதில்லை, பிள்ளை ஒருவரை எதிர்பார்த்து முகம் திருப்பிய நாளில்தான் எழுதினேன். புதிதாக வந்த சிடிஓமாரிடமும் அதையே சொன்னேன். யாரைப் பார்த்து என்பதையும் பக்கத்தில் எழுதச் சொன்னேன்.

சரோஜா மலைக்குப் போகத் தொடங்கிய மூன்றாவது வாரம், ஒரு புதன்கிழமை, ஒன்பது முப்பத்திரண்டுக்குத் தர்ஷினி வாசலுக்கு ஓடிப் போய்ச் சரோஜாவின் படங்கைப் பிடித்துக்கொண்டது. பேச்சியம்மா பின்பக்கப் பீலித் தண்ணீரில் பால் போத்தல்களைக் கழுவிக்கொண்டிருந்தார்.