ஆட்டெலும்பும் என் விடுப்பும்

அடுத்தவர் காரியத்தை அறிந்துகொள்ளும் ஆவலை யாழ்ப்பாணத்தில் விடுப்பு என்போம். எனக்கு அது கொஞ்சம் கூடுதல். என் கணவருக்கு அறவே கிடையாது, ஆடுகளின் விஷயத்தைத் தவிர. எண்பதுகளின் நடுவில் ஆக்லாந்தில் ஓர் ஆய்வுகூடத்தில் அவர் வேலை பார்த்தார். செம்மறி ஆட்டின் உடம்பில் சுரக்கும் ஹோர்மோன்களுக்கும் அதன் எலும்புக்கும் என்ன தொடர்பு என்பதுதான் அவருடைய ஆராய்ச்சி. ஆட்டின் முட்டை விளையும் சூலகம், கருப்பை பற்றியெல்லாம் விருந்துக்குப் போன வீட்டிலும் கூச்சமில்லாமல் வாய் ஓயாமல் பேசுவார். நான் மேசைக்குக் கீழே அவர் காலை மிதிப்பேன்.

ஒரு குளிர்காலத்தில், நகரின் ஓரத்தில் நாங்கள் இருந்த ஹென்டர்சனில், டெய்ரி என்று அங்கே சொல்லும் தெருமுனைக் கடைக்குப் பால் வாங்கப் போய் ஈரப் படியில் சறுக்கினேன். பெரிய விழுகை ஒன்றுமில்லை. கையை ஊன்றினேன், மணிக்கட்டு முறிந்துவிட்டது. இந்தச் சின்ன விழுகைக்கு நாற்பது வயதில் எலும்பு முறியக் கூடாதே என்று எங்கள் டொக்டர் நெற்றியைச் சுருக்கினார். முன்பு ஏதும் ஒப்பரேஷன் நடந்ததா என்று கேட்டார். என் ஆங்கிலம் அப்போது கடைக்குப் போய்வர மட்டுமே போதும். ஆகவே கணவர்தான் பதில் சொன்னார்: வயிற்றில் ஒரு ஒப்பரேஷன் நடந்தது என்று. நானும் தலையாட்டினேன்.

ஊரில் ஒரு கட்டிக்காக எனக்குக் கருப்பையையும் இரண்டு சூலகங்களையும் எடுத்திருந்தார்கள். இரண்டு பக்கத்துச் சொந்தக்காரரும் அதை ‘வயித்து ஒப்பரேஷன்’ என்றே சொன்னார்கள். பெண்ணின் உடம்பைப் பற்றி அதற்கு மேல் விவரம் கேட்பது எங்களில் வழக்கமில்லை. சொல்லிச் சொல்லி எங்கள் இருவருக்குமே அது வயிற்று ஒப்பரேஷன் ஆகிவிட்டது.

பிளாஸ்டர் போட்ட கையோடு வீட்டுக்குள் கிடக்க எனக்குப் பொறுக்கவில்லை. ஒரு சனிக்கிழமை அவருடன் தொற்றிக்கொண்டு ஆய்வுகூடத்துக்குப் போனேன். மைக்ரோஸ்கோப்பில் ஆட்டெலும்பின் மெல்லிய சீவல்களை ஒவ்வொன்றாக வைத்துக் காட்டினார். முதலாவது, பாண் ரொட்டியை வெட்டிப் பார்த்ததுபோல் நெருக்கமாக இருந்தது. இரண்டாவதில் பெரிய பெரிய ஓட்டைகள்.

“இது ஏன் இப்பிடிக் கிடக்கு?”

“அது சூலகம் எடுத்த ஆடு. சூலகம் இல்லாட்டி ஹோர்மோன் குறைஞ்சிடும், எலும்பு கரையும்.”

“அந்த ஆடு விழுந்தா?”

“லேசா முறியும்,” என்றார், எழுதிக்கொண்டிருந்த தாளிலிருந்து தலை நிமிராமல்.

நான் மைக்ரோஸ்கோப்பிலிருந்து கண்ணை எடுத்து என் கையைப் பார்த்தேன்.

“இஞ்சாருங்கோ, எனக்கும் அதைத்தானே எடுத்தவை?”

அவர் எழுதுவது நின்றது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைக்க அதில் ஒன்றும் இல்லை. எனக்குக் கோபம் தலைக்கேறியது. ஊர் ஆட்டுக்கெல்லாம் எலும்பு கரைவதைப் பார்த்துக்கொண்டிருந்த மனிதருக்கு வீட்டிலிருப்பவளைத் தெரியவில்லையா?

“உங்களுக்கு இது மண்டையில ஓடவே இல்லையோ?”

“இல்லையப்பா. ஆட்டையும் உம்மையும் நான் சேர்த்து யோசிக்கேல்லை.”

அந்த முகத்தைப் பார்த்தபோது கோபத்தோடு சிரிப்பும் வந்தது. அடியில் பயம் இருந்தது. நாளை படியில் கால் தவறினால் இடுப்பு முறியுமா? ஆனாலும் என் விடுப்பு அடங்கவில்லை. மேசையில் இன்னொரு சீவல் இருந்தது.

“அப்ப அது?”

“அதுவும் சூலகம் எடுத்த ஆடுதான். ஆனா ஹோர்மோனைத் திருப்பிக் குடுத்தனாங்கள்.”

வைக்கச் சொல்லிப் பார்த்தேன். முதலாவதைப் போல நெருக்கமில்லை. ஆனால் இரண்டாவதைப் போல ஓட்டையும் இல்லை. நெடுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

“எனக்கும் அது வேணும்,” என்றேன்.

“அது டொக்டர் பாத்துத்தான் குடுக்கவேணும்.”

“டொக்டருக்குத்தான் நாங்கள் ஒண்டும் சொல்லேல்லையே.”

அடுத்த கிழமை டொக்டரிடம் போனோம். என்ன விஷயம் என்று கேட்டார் அவர். கணவரின் காது சிவந்தது. தொண்டையைச் செருமிக்கொண்டு, செம்மறி ஆடுகளில் சூலகத்தை எடுத்தால், என்று ஆங்கிலத்தில் தொடங்கினார். ஹோர்மோன் வந்தது, எலும்பு வந்தது, ஆய்வுகூடம் வந்தது. நான் மட்டும் வரவில்லை. டொக்டர் மரியாதையாகக் கேட்டுக்கொண்டிருந்தார். இந்த மனிதர் ஏன் தன் மந்தையை இங்கே ஓட்டிக்கொண்டு வந்தார் என்று அவருக்கு விளங்கியிருக்காது.

“ஆட்டை விடுங்கோ,” என்றேன் தமிழில். “என்னைச் சொல்லுங்கோ.”

அவர் நிறுத்தினார். பிறகு, என் மனைவிக்கு, என்று புதிதாகத் தொடங்கி, ஒன்றையும் விடாமல் சொல்லி முடித்தார். டொக்டர் நாற்காலியை என் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.