மஞ்சள் பசை ஒட்டிய கதவு

நாரின் ஊர்ச் சந்தையில் தச்சர் ஒரோசாலியின் பட்டறைக்குப் பளபளவென்று வார்னிஷ் பூசிய பழைய அலமாரியோடு யார் போனாலும் வண்டியைத் திருப்பிக்கொண்டுதான் வரவேண்டும். "இதுல மைக்கா ஒட்ட மாட்டேன், வேற ஆளைப் பாரு" என்று முகத்தில் அடித்தாற்போல் சொல்லிவிடுவார். திமிர் பிடித்தவன் என்பார்கள், விஷயம் தெரியாதவர்கள். அவர்கள் வாயில் மண் விழ!

முன்பு மகள் குல்சைராவின் கல்யாணச் சீருக்கு அவர் எடுத்து வைத்தது அப்படியொரு அலமாரிதான். மேலே வெள்ளை மைக்காத் தகடு ஒட்டிவிட்டால் புதுசு. மறுநாள் சாயங்காலம் அது சம்பந்தி வீட்டுக்குப் போயாக வேண்டும். போகாவிட்டால் பெண் ஆயுசுக்கும் குத்துப்பேச்சு கேட்பாள் என்று பயந்தார்.

வீட்டிலேயே வைத்து, முதலில் நெடியில்லாத வெள்ளைப் பசையைத்தான் தடவினார். எதிலும் பிடிக்கும் மஞ்சள் ரப்பர் பசையின் நெடி நெஞ்சை அரித்துவிட்டது, இனி தொடுவதில்லை என்று மனைவி சபீராவுக்கு வாக்குக் கொடுத்திருந்தார். ஆனால் வெள்ளைப் பசை மரத்தில் ஊறித்தான் பிடிக்கும். அந்த வழவழப்பில் எங்கே ஊற? காலையில் தொட்டதும் தகடு கையோடு வந்தது.

"என்னங்க, அப்படியே உரிஞ்சு வருது?"

"இதுல ஈ உக்காந்தாலே வழுக்கும். அந்த மஞ்ச டின்னை எடு."

"வேணாங்க. அப்புறம் ராத்திரியெல்லாம் இருமுவீங்க."

"என் நெஞ்சு போனா போகட்டும்டி. பொண்ணு தலை குனியக் கூடாது."

உப்புத்தாள் போட்டுப் பளபளப்பைச் சொரசொரப்பாக்கினார், தின்னரால் துடைத்தார், மரத்திலும் தகட்டிலும் பசை தடவி, விரலில் ஒட்டாத பதம் வரக் காத்திருந்தார். குளிரில் அது காயாது என்று சன்னல்களை அவரே அடைத்தார். "அடுப்பை மட்டும் மூட்டிராதே, இந்த நெடி குப்புனு பத்திக்கும்" என்று அழுத்திச் சொன்னார். ஒரு கதவு முடிந்தது. அதைத் தூக்கிக்கொண்டு, இருமல் தாங்காமல் வாசலுக்கு வந்தார்.

சபீரா அடுப்பைத் தொடவில்லை. சொன்ன சொல் தட்டாதவள். ஆனால் புதுச் சாமான் எதையும் அர்ச்சா மரத் தழைப் புகை காட்டாமல் அவள் விட்டதுமில்லை; கல்லடி பட்டாலும் கண்ணடி படக்கூடாதே! பக்கத்து வீட்டில் கனல் வாங்கி, தழையைப் போட்டு, பின்வாசல் வழியாக உள்ளே போனாள். புகை காட்டாதே என்று சொல்ல ஒரோசாலிக்குத் தோன்றவேயில்லை. அது நெருப்பு என்று அந்த வீட்டில் யாரும் நினைத்ததில்லை.

வாசலில் நின்றவர் 'டம்' என்ற சத்தத்தைத்தான் கேட்டார்.

"நான் அடுப்பைத் தொடவே இல்லைங்க." ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியெல்லாம் அதையே சொல்லிக்கொண்டு வந்தாள். போய்ச் சேருமுன் பேச்சு நின்றது.

துக்கத்துக்கு வந்த சம்பந்தியம்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "அலமாரியை யாருங்க கேட்டா?"

நாற்பதாம் நாள் சோறு முடிந்து எல்லோரும் போனபின், மிஞ்சிய அந்த ஒற்றைக் கதவை மடியில் போட்டு, மைக்காவை உரிக்கப் பார்த்தார். நகம்தான் பெயர்ந்தது. மைக்கா அசையவில்லை.