ரசீன் நானா காட்டிய அரண்மனை

கண்டி அரண்மனை வாசலில் சுற்றுலாக் குழு ஒன்றுக்காகக் காத்திருந்தபோது, என்னோடு வழிகாட்டியாக இருந்த மூத்தவர் ரசீன் நானாவின் மகள் தொலைபேசியில் அழைத்தாள். "வாப்பா மவுத்தாகிட்டாங்க அங்கிள். லுஹர் தொழுகைக்குப் பொறகு அடக்கம்." குழுவை வேறொருவரிடம் ஒப்படைத்துவிட்டு நானாவின் ஊரான கெலிஓயாவுக்கு பஸ் ஏறினேன். வழியெல்லாம் என்ன யோசித்தேன் என்று நினைவில்லை.

அவரைத் தெரிந்தவர்களுக்கு இது புதிதல்ல: அரண்மனையை அவர் ஒரே கட்டடமாகக் காட்டியதே இல்லை. "இது ஒரு ராஜா கட்டினதில்ல. வந்தவங்க எல்லாரும் சேத்ததும் இடிச்சதும்தான்" என்பார். முதலில் சிறிய மாளிகை. படையெடுத்தவர்கள் அதை எரித்தார்கள், மறுபடி எழுந்தது. பிறகு சபா மண்டபம், அரசியர் மாளிகை. கடைசி அரசன் கட்டிய எண்கோண மண்டபம், வயலை மூழ்கடித்து அவன் அமைத்த குளம். அதன்பின் வெள்ளைக்காரர் அலுவலகமாக்கிய அறைகள். வழிகாட்டிகளான நாங்கள் இருவரும் பல வருடம் இந்த வரிசையில்தான் ஆட்களை நடத்திச் சென்றோம்.

ஒருநாள் யாழ்ப்பாணக் குழுவொன்றிடம் குளத்தைக் காட்டி, "இது வயல். நெல்லு வெளையுற எடம்" என்றார். "வயலோ? தண்ணியெல்லோ நிக்குது ஐயா" என்றார் ஓர் ஆசிரியை. நானா தண்ணீரையே பார்த்துக்கொண்டு நின்றார். நான் குறுக்கிட்டு, "நானா அந்தக் காலத்தச் சொல்றாருங்க" என்று சமாளித்தேன். குழு போனபின் என் கையைப் பிடித்தார். "எனக்கு என்னமோ ஆகுது தம்பி. ஊட்டுல சொல்ல வாணாம்."

அவர் மகளிடம் சொல்லத்தான் வேண்டியிருந்தது. மறதி நோய் என்றார் டாக்டர். பேரப்பிள்ளைகளின் பெயர்கள் முதலில் போயின. பிறகு மருமகன். வேலைக்கு வருவதும் நின்றது.

போன மாதம் மகள் அவரை அரண்மனைக்கு அழைத்து வந்தாள். என்னை அவருக்கு அடையாளம் தெரியவில்லை. வேறு என்ன செய்வதென்று தெரியாமல், முதல் மாளிகையிலிருந்து தொடங்கி அவருக்கே எல்லாவற்றையும் காட்டினேன். புதிதாக வந்தவர் போல ஒவ்வொரு சுவரையும் தொட்டுப் பார்த்தார். முடிந்ததும், "நல்லா சொல்றீங்க. எங்க படிச்சீங்க?" என்று கேட்டார்.

"நீங்களும் நானும் ஒன்னாத்தான் படிச்சோம் நானா."

"அப்பிடியா?" என்று சிரித்தார். மகள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

கெலிஓயா மையவாடியில் நானாவின் குழிக்கு மண் போட்டுவிட்டு வந்தேன். குழுவில் எத்தனை அவசரக்காரர் இருந்தாலும், கால் வலியோடு கடைசியாகப் படியேறி வருபவர் வந்து மூச்சு வாங்கி முடிக்கும்வரை நானா பேச்சைத் தொடங்கமாட்டார். இனி என் குழுக்களோடு அந்தக் காத்திருப்பை நான் வைத்துக்கொள்கிறேன்.