இன்றைக்கு யார் பாடு?

எங்கள் நைனாவின் (அப்பாவின்) நோய் முதலில் வீட்டில் தெரியவில்லை, ஏரியில்தான் தெரிந்தது. வேறொரு குடும்பத்தின் பாடு இருந்த நாளில், அவர்களுடைய இடத்தில் போய் வலை கட்டிவிட்டு, ஒன்றும் நடக்காதவர்போல வீட்டுக்கு வந்து சோறு கேட்டார்.

வெளியூர்க்காரர்களுக்கு இதன் கனம் புரியாது. பழவேற்காடு ஏரியில் நினைத்தவர் நினைத்த இடத்தில் வலை கட்ட முடியாது. எந்தக் குடும்பத்துக்கு எந்த நாள், எந்த இடம் என்று ஊர் கூடி முறை வைத்திருக்கிறது. அந்த முறைக்குத்தான் பாடு என்று பெயர். அண்ணன் தம்பி சொத்துக்கு அடித்துக்கொண்டால் ஊர் வேடிக்கை பார்க்கும். பாடு மீறினால் பார்க்காது. பெரிய தப்பென்றால் அந்தக் குடும்பத்தையே முறையிலிருந்து நீக்கிவிடும்.

நைனாவோ, யாருக்கு என்றைக்குப் பாடு என்று மற்றவர்கள் வந்து கேட்டுக்கொண்டு போகும் ஆள். அவர் ஊர்க் கூட்டத்தில் கை கட்டி நின்றார். வயதானவர் என்று மன்னித்து, இனி இவர் ஏரிக்கு வர வேண்டாம், மகன் வந்தால் போதும் என்று முடித்தார்கள். எங்கள் குடும்பத்தின் பாடு எங்களிடமே இருந்தது. ஆனால் அவமானம் பெரிதாக இருந்ததால் எங்களில் ஒருவருக்கும் நோய் என்று தோன்றவில்லை. என் தம்பி அவரோடு பேசுவதையே நிறுத்திவிட்டான்.

அப்புறம் ஒருநாள் சட்டைக் கைக்குள் காலை நுழைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அன்றுதான் பயந்தோம். எங்கள் தீவிலிருந்து படகில் பழவேற்காடு, அங்கிருந்து பஸ்ஸில் பொன்னேரி, பிறகு சென்னை என்று அலைந்து ஒரு பெயரோடு திரும்பினோம். மறதிநோய் (மூளை மெல்ல மெல்லச் சுருங்கி, நினைவும் பழகிய வேலைகளும் ஒவ்வொன்றாகப் போய்விடும் நோய்). குணமாகுமா என்று கேட்டேன். டாக்டரம்மா சுற்றி வளைக்கவில்லை.

“குணமாகாதும்மா. இனிமே நீங்க பாத்துக்கிறதுலதான் இருக்கு.”

அந்த ‘நீங்க’ பன்மை என்று நம்பிக்கொண்டு படகேறினேன்.

தம்பிக்கு ஏரி இருந்தது. அவன் மனைவிக்கு மீன் மார்க்கெட். என் வீட்டுக்காரருக்குக் காட்டுப்பள்ளித் துறைமுகத்தில் ஷிப்ட் வேலை. என்னிடம் ஒரு தையல் மிஷின் மட்டும் இருந்தது; அது வீட்டுக்குள் இருந்ததால் நானும் சும்மா இருப்பவளாகிவிட்டேன். நைனாவை என் வீட்டில் கொண்டுவந்து விட்டார்கள். ஏரிக்கு முறை வைக்கத் தெரிந்த ஊரில், பெற்றவருக்கு முறை வைக்க ஒருவருக்கும் தெரியவில்லை. இதையும் பாடு போட்டுப் பார்த்துக்கொள்ளலாமே என்று தம்பியிடம் கேட்டேன். அவன் சிரித்தான். சில ஞாயிற்றுக்கிழமைகள் வந்து அவருக்குச் சவரம் செய்துவிட்டான். இறால் படத் தொடங்கியதும் அதுவும் நின்றது. அவன் மேல் எனக்கு இன்றும் கோபம்தான், மறைக்க விரும்பவில்லை.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒருவர் இருந்தால், மலமும் மூத்திரமும்தான் பெரிய கஷ்டம் என்று பயப்படாதீர்கள். கை பழகிவிடும். எங்களைச் சாய்த்தது ஒரு கேள்வி.

“இன்னிக்கி நம்ம பாடா?”

காலையில் கண் விழித்ததும் கேட்பார். இல்லை நைனா என்போம். சரி என்று திரும்பிப் படுத்துக்கொள்வார். ஆமாம் என்றால் ஏரிக்குக் கிளம்பிவிடுவார் என்ற பயத்தில் எல்லோரும் இல்லை என்றே சொல்லிவந்தோம். நான், என் வீட்டுக்காரர், எதிர்வீட்டுக்காரி, எப்போதாவது வரும் தம்பி, எல்லோரிடமும் அதே பதில். நல்ல உபாயம் கண்டுபிடித்துவிட்டதாகக்கூட நினைத்தேன்.

நாளாக நாளாகச் சாப்பாட்டைக் குறைத்தார். தட்டைத் தள்ளி வைப்பார், ஊட்டினால் பல்லைக் கடித்துக்கொள்வார். வாய்ப்புண்ணா என்று பார்த்தேன், இல்லை. மீனை மாற்றினேன், புளியைக் குறைத்தேன், எடுபடவில்லை. தொடை எலும்பு தோலுக்கு மேலே தெரிய ஆரம்பித்தபோது அழுகை வந்துவிட்டது. ஏன் நைனா இப்படிப் பண்றே என்று கேட்டேன். அவர் குரலைத் தாழ்த்தினார்.

“நம்மள பாட்ட வுட்டுத் தூக்கிட்டாங்கல்ல. எங்கிட்ட மறைக்கிறீங்க. பாடு இல்லாதவன் அடுத்தவன் சோத்த துன்னலாமா?”

ஊர்க் கூட்டம் அவருக்கு நினைவில் இல்லை. எதற்காகக் கை கட்டி நின்றார் என்பதும் இல்லை. அங்கே பட்ட வெட்கம் மட்டும் உள்ளே எங்கோ தங்கிவிட்டது. அதோடு தினமும் நாங்கள் சொன்ன ‘இல்லை’யைச் சேர்த்து அவரே கணக்குப் போட்டுவிட்டார். எங்கள் ஊரில் பிறக்காத ஒருவருக்கு இந்த எண்ணமே வந்திருக்காது.

டாக்டரம்மாவிடம் சொன்னேன். மறுத்துப் பேசாதீர்கள், அவர் எந்த உலகத்தில் இருக்கிறாரோ அங்கேயே நீங்களும் போய்விடுங்கள் என்றார். மறுநாள் கேட்டபோது, “ஆமா நைனா, நம்ம பாடுதான். மொதல்ல சாப்புடு” என்றேன். ஒரு தட்டுச் சோறு இறங்கியது. சாப்பிட்டு முடிப்பதற்குள் பாடும் மறந்துபோனது. எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. தினமும் ஆமாம் சொன்னேன், தினமும் சாப்பிட்டார், கன்னத்தில் கொஞ்சம் சதை வைத்தது. மற்ற நோய்களில் தேறி வருகிறார் என்பார்களே, எங்களுக்கு வாய்த்தது அந்தச் சில வாரங்கள்தான்.

ஒருநாள் மறக்கவில்லை. நான் பின்பக்கம் அவருடைய துணிகளை அலசிக்கொண்டிருந்தேன். சாப்பிட்ட தெம்பில் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு கரை வரைக்கும் போய், படகில் கால் வைக்கும்போது விழுந்திருக்கிறார். இடுப்பு எலும்பு முறிந்தது. சாப்பிடாமல் இருந்திருந்தால் அவ்வளவு தூரம் நடந்திருக்க மாட்டார்.

பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்துத் துண்டால் கட்டி, அதே படகில் அக்கரைக்குக் கொண்டுபோனோம். தண்ணீரைப் பார்த்ததும் வலியிலும் அவர் முகம் தெளிந்தது. என்னால் அந்த முகத்தைப் பார்க்க முடியவில்லை. ஆபரேஷனுக்கு மயக்க மருந்து கொடுத்தால் இதயம் தாங்காது என்று ஆஸ்பத்திரியில் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

அதன் பிறகு கட்டில்தான். முதுகில் படுக்கைப்புண் வந்தது (ஒரே பக்கம் படுத்தே கிடப்பதால் தோலும் சதையும் அழுகிப்போவது). திருப்பிப் படுக்கவைத்துக்கொண்டே இருங்கள். ஒருவராகத் திருப்பாதீர்கள், உங்கள் முதுகும் போய்விடும். என்னுடையது போய்விட்டது. விழுங்கும் சக்தியும் குறைந்தது, தண்ணீர்கூடப் புரையேறியது. மூக்கு வழியாகக் குழாய் போட்டார்கள். பிடுங்கி எறிந்தார். கையைக் கட்டிவைத்தால்தான் குழாய் நிற்கும் என்றார்கள். நான் சம்மதிக்கவில்லை. அப்படியென்றால் நிமிர்த்தி உட்காரவைத்து, சோற்றைக் கூழாகக் கரைத்து, இறங்குகிற வரைக்கும் கொடுங்கள் என்றார் டாக்டரம்மா. 

இப்போது என் உடம்பு எனக்கே புதிதாக இருக்கிறது. அவருக்கு ஸ்பூனை நீட்டும்போது என் வாயும் திறந்துகொள்கிறது. தெருவில் யாராவது இருமினால் புரையேறிவிட்டதென்று எழுந்து ஓடுகிறேன். மூக்குக்கு நாற்றமும் தெரிவதில்லை, மல்லிகைப்பூவும் தெரிவதில்லை. வெள்ளி, செவ்வாய் எல்லாம் மற்றவர்களுக்கு. எனக்கு அவரை இந்தப் பக்கம் திருப்புகிற நேரம், அந்தப் பக்கம் திருப்புகிற நேரம், இரண்டுதான். இது முடிய வேண்டும் என்று நினைக்கிறேன். முடிவதென்றால் என்ன என்று தெரிந்தும் நினைக்கிறேன்.

கேள்வியையும் நைனா விட்டுவிட்டார். எழ முடியாதவரிடம் ஆமாம் சொல்ல இனி ஒரு பயமும் இல்லை. ஆனால் கேட்க ஆள் இல்லை.

போன வாரம் ஒரு மத்தியானம் தம்பி வாசலில் நின்று, நாளைக்கு நம் பாடு என்று சொல்லிவிட்டுப் போனான். நிஜமாகவே எங்கள் பாடு. கூழ்க் கிண்ணத்தோடு கட்டிலருகே உட்கார்ந்து அதை நைனாவிடம் சொன்னேன். இத்தனை மாதத்தில் அவரிடம் கலப்பில்லாமல் உண்மை சொன்னது அதுதான். என் முகத்தைப் பார்த்தார். பிறகு, வழியில் பார்த்த அக்கரைப் பெண்ணிடம் விசாரிப்பதுபோல மரியாதையாகக் கேட்டார்.

“நீ யாரு வூட்டுப் பொண்ணும்மா? ஒங்களுக்குப் பாடு கீதா?”

இருக்கிறது என்று தலையாட்டினேன்.

“அப்ப நீ துன்னு” என்றார்.

ஸ்பூனை நீட்டினேன். பல்லைக் கடித்துக்கொண்டார். கிண்ணத்தை என் பக்கம் தள்ளினார். மறுபடி நீட்டினேன், மறுபடி தள்ளினார். உப்பில்லாத அந்தக் கூழை நான் ஒரு வாய் எடுத்துக்கொண்டேன். காலையிலிருந்து நானும் எதுவும் சாப்பிட்டிருக்கவில்லை. அவர் திருப்தியாகத் தலையசைத்தார். இன்னொரு வாய் எடுத்தேன். கிண்ணம் காலியாகும் வரை என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். தன் வாயை மட்டும் திறக்கவில்லை.